இருபத்தொரு நாள் எருவும் ஏட்டையாவும்

பட்டம் வாங்கிய புதிதில் ஒருவரை எதற்கு அருகில் வேண்டுமானாலும் விடலாம், மண்வெட்டிக்கு அருகில் மட்டும் விடக்கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். எனக்குத் தாவரவியல் பட்டமும், ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழும், ஒரு கணவரும் கிட்டத்தட்ட ஒரே வருடத்தில் கிடைத்தார்கள். (கிடைத்தனவா, கிடைத்தார்களா என்பதை இலக்கணம் தெரிந்தவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.) அந்த மிதப்பில் நான் செய்த ஒரு காரியத்தால், மதுவிலக்கு அமலில் இருந்த எழுபதுகளின் பிற்பகுதியில், எங்கள் இரண்டு குடும்பத்திலும் சேர்த்துப் போலீஸ் ஸ்டேஷன் படியேறிய முதல் ஆள் என்ற பெருமை எனக்கு வந்து சேர்ந்தது.

நான் சேலம் டவுனில் வளர்ந்தவள். வாழ்க்கைப்பட்டது எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஊர். (பெயர் வேண்டாம். அந்த ஸ்டேஷன் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.) கணவர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் கணக்கு எழுதினார். காலை பஸ்ஸில் போனால் சாயங்கால பஸ்ஸில் வருவார். எங்களோடு இருந்தவர் அத்தை, அதாவது என் மாமியார். இரண்டு ஏக்கர் கடலைக்காட்டைத் தனி ஆளாகக் கட்டி ஆண்டவர். அதிகம் பேசமாட்டார். பேசவேண்டிய இடத்தில் ஒரு பார்வையோடு முடித்துக்கொள்வார். அந்தப் பார்வை என்மேல் அடிக்கடி விழும்.

உள்ளூர்ப் பெண்கள் பள்ளியில் எனக்குத் தற்காலிக அறிவியல் ஆசிரியை வேலை. அடுத்த மாதம் இன்ஸ்பெக்ஷன் என்று தலைமையாசிரியை அறிவித்தார். வருகிற அதிகாரிக்குப் பிடித்துப் போனால் வேலை நிரந்தரமாகலாம், பிடிக்காவிட்டால் இல்லை என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டார்கள். மற்ற ஆசிரியைகள் நோட்டுப் புத்தகங்களைத் திருத்த ஆரம்பித்தார்கள். நான் மட்டும், அதிகாரி முன்னால் ஒரு கூடை எருவைக் கொண்டுபோய் வைப்பது என்று தீர்மானித்தேன். வீட்டுக் குப்பையிலிருந்து இருபத்தொரு நாளில் தயாரான எரு. தலைமையாசிரியையிடம் சொல்லியும் விட்டேன். அவர், "நல்லதும்மா, நோட்டையும் திருத்திடு" என்றார். இரண்டாம் பாதி என் காதில் விழவில்லை.

வீட்டில் வந்து சொன்னபோது அத்தை கடலை உரித்துக்கொண்டிருந்தார். காட்டில் அவருடைய குப்பைக்குழி மக்க ஒரு வருடம் ஆகும். இருபத்தொரு நாள் என்றதும் கை நின்றது.

"அதுக்கென்ன கண்ணு அத்தனை அவசரம்? அது பாட்டுக்குக் கெடந்து மக்கட்டுமே."

விஞ்ஞானம் அப்படிக் காத்திருக்காது அத்தை என்று நான் விளக்கினேன். அவர் மறுபடி கடலை உரிக்க ஆரம்பித்தார்.

எருவுக்கு முதலில் ஒரு பாத்திரம் வேண்டும். புறவாசலில் குழி தோண்டலாம் என்றால் எங்கள் மண் சுண்ணாம்புக்கல். கடப்பாரை போட்டால் தீப்பொறி பறக்கும். எனவே சந்தையில் ஒரு மூங்கில் கூடை வாங்கினேன். காற்றோட்டம் அருமை. அதே காற்றோட்டத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகளும் வந்து, உள்ளே இருந்த அத்தனையையும் வாசல்வரை கிளறிப் பரப்பின. அடுத்தது பழக்கடையில் கிடைத்த மரப்பெட்டி. நான்காம் நாள் பெட்டியின் அடியில் கறையான், மேலே ஈ. குப்பை அப்படியே இருந்தது, பெட்டிதான் மக்கியது. அன்று மத்தியானம் ஒரு ஈ ரசத்தில் விழுந்தது. அத்தை அதை எடுத்து வெளியே போட்டுவிட்டு, இன்னொரு ஈ சமையல்கட்டுக்குள் வந்தால் அந்தப் பெட்டி அடுப்புக்குள் போகும் என்று மட்டும் சொன்னார்.

கோழி நுழையக்கூடாது, ஈ நுழையக்கூடாது, கறையான் அரிக்கக்கூடாது. யோசித்துப் பார்த்தால் காற்றும் நுழையக்கூடாது என்றாகிறது. ஆனால் நான் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. பட்டறையிலிருந்து ஒரு காலி ஆயில் டிரம் கொண்டுவரச் சொல்லி கணவரிடம் கேட்டேன். மூடியும், மூடியைச் சுற்றி இறுக்கும் இரும்பு வளையமும் உள்ள டிரம். அவர் கூச்ச சுபாவம். டிரம்மோடு ஊருக்குள் வர வெட்கப்பட்டு, அதைச் சாக்கால் மூடி, தெரிந்த லாரியில் ஏற்றி, முன்வாசலை விட்டுவிட்டுப் பின் சந்துவழியாக இறக்கினார். (மனிதர் ஒரு குற்றமும் செய்யாமலேயே குற்றவாளி மாதிரி நடந்துகொள்வதில் வல்லவர். இன்றும் ரயிலில் டிக்கெட் பரிசோதகரைப் பார்த்தால் வியர்த்துப் போவார்.)

இருந்த அவகாசம் சரியாக இருபத்தொரு நாள். முட்டைத்தோடு, காப்பித்தூள் என்று வீட்டுக் குப்பையை அடியில் போட்டு, விரைவுபடுத்த என்னென்ன உண்டோ எல்லாவற்றையும் சேர்த்தேன். சந்தையில் விற்காமல் போன அழுகல் வாழைப்பழம், கொல்லிமலையிலிருந்து வந்த பலாப்பழத்தின் சடை. கிருமிகளுக்குத் தெம்பு வேண்டுமே என்று, கரும்பாலைக் கொட்டகையில் வெல்லம் காய்ச்சும்போது வழித்துக் கொட்டும் பாகு அழுக்கு இரண்டு குடம். தழைச்சத்துக்கு உரக்கடையிலிருந்து அமோனியம் சல்பேட். அதுவும் போதாதோ என்று பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டைச் சுத்தம் செய்து எடுத்த எச்சம் ஒரு கூடை. (கூடையைக் கலைத்த கோழிகளிடம் வசூலித்த நஷ்டஈடு.) காய்ந்த பொருளும் வேண்டும் என்பதால் விறகுத்தொட்டியில் உதிர்ந்து கிடந்த வேலம்பட்டைத் தூள். சூடு நிற்கவேண்டும் என்று டிரம்மைச் சுற்றிப் பாதி உயரம்வரை மண் அணைத்து, மூடியைப் போட்டு, வளையத்தை ஸ்பேனரால் முறுக்கினேன்.

ஐந்தாம் நாள் மூடி உப்பியது. ஆறாம் நாள் உள்ளே யாரோ முனகுவது மாதிரி சத்தம் கேட்டது. வாயு உண்டாகிறது, வேலை நடக்கிறது என்று எனக்கு மகிழ்ச்சி. கல்லூரிச் சோதனைக்கூடத்தில் செய்த மாதிரியே, மூடியில் இருந்த சின்னத் திருகைக் கழற்றி அந்தத் துவாரத்தில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் விட்டேன். பானையில் குமிழி குமிழியாக வந்தது. தெருவெல்லாம் ஒரு வாசனை. பழ வாசனை, அதோடு லேசாகத் தலையைச் சுற்றுகிற வேறொரு வாசனை. கணவர் சாயங்காலம் வந்தவுடன் மூக்கை உறிஞ்சி, "ஏம்புள்ள, இது எருதானே?" என்று கேட்டார். விஞ்ஞானம் தெரியாதவர்களோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரத்தில் முன்பின் தெரியாத ஓர் ஆள் வேலிக்கு அப்பால் நின்று, டீச்சரம்மா ஒரு டம்ளர் கிடைக்குமா என்று பணிவாகக் கேட்டார். வெயிலில் வந்தவர் என்று நல்ல புளிப்பு மோராகக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பழகுனவங்களுக்குத்தான் குடுப்பீங்களாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மோருக்கு என்ன பழக்கம் வேண்டிக் கிடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. பள்ளி விடுமுறை. கணவர் பட்டறையில், அத்தை காட்டில். பத்து மணி வாக்கில் பின்பக்கப் படல் திறந்தது. ஏட்டு ஒருவரும் இரண்டு கான்ஸ்டபிள்களும் வந்தார்கள். யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். அப்போது நான் நினைத்தது, என் எருவின் புகழ் ஸ்டேஷன்வரை போய்விட்டது என்று. ஏட்டு நடு வயதுக்காரர், மரியாதையான மனிதர். டிரம்மைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், பானையைப் பார்த்தார். நீளமாக ஒரு மூச்சை இழுத்து விட்டார்.

"இது உங்களுதுங்களா டீச்சர்?"

"ஆமாங்க. முழுக்க நானே தயார் பண்ணினது."

"உள்ள என்னென்ன போட்டிருக்கறீங்க?"

இப்படி அக்கறையோடு கேட்ட முதல் ஆள் அவர்தான். நான் விரல் விட்டுச் சொன்னேன். அழுகல் பழம், வெல்லப்பாகு அழுக்கு, வேலம்பட்டை, சல்பேட். ஒவ்வொன்றுக்கும் அவர் தலையாட்டினார். ஒரு கான்ஸ்டபிள் குறித்துக்கொண்டார். வீட்டுக் குப்பையைச் சொல்லத் தோன்றவில்லை. கோழி எச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு வெளி ஆணிடம் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது என்று கூச்சம். (என் கணவரை நான் குறை சொல்லக்கூடாதுதான்.)

"எத்தன நாளுங்க ஊறோணும்?"

"மத்தவங்களுக்கு மாசக்கணக்கா ஆகும். என்னோடது இருபத்தோரு நாள்ல ரெடி."

"ரெடியானா யாருக்குங்க?"

"முதல்ல ஒரு கூடை எங்க அதிகாரிக்கு. அவருக்குப் பிடிச்சுப் போச்சுன்னா வேலை நிரந்தரமாயிடும். அப்புறம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் கத்துக்குடுக்கலாம்னு இருக்கேன்."

எழுதிக்கொண்டிருந்த கான்ஸ்டபிளின் பேனா நின்றுவிட்டது. ஏட்டு தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கூடையில் எப்படி என்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும், ஆனால் கேட்கவில்லை.

"ஊட்டுக்காரருக்குத் தெரியுங்களா?"

"டிரம் கொண்டாந்து குடுத்ததே அவர்தாங்க."

ஏட்டு கையைக் காட்டினார். இரண்டு கான்ஸ்டபிள்களும் என் எருவை நோக்கிக் கடப்பாரையோடு நடந்தபோதுதான், இவர்கள் விவசாயத்தில் ஆர்வம் உள்ளவர்கள் இல்லை என்று எனக்குத் தோன்றியது. டிரம்மைப் பெயர்த்து வெளியே எடுத்தார்கள். முதல் குத்திலேயே, குழாயில் போனது போக உள்ளே அடைபட்டுக் கிடந்த வாயு சீறிக்கொண்டு வந்தது. கூடவே பழுப்புத் தண்ணீர் ஏட்டின் சட்டையில் மார்புவரை அடித்தது. அவர் அசையவில்லை. சட்டையிலிருந்து ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடி யோசித்தார்.

"இன்னும் ரெண்டு நாள் போயிருக்கோணும்" என்றார்.

பிறகு சுற்றிலும் குத்தினார்கள். ஊறலை அழிக்கிற முறை அப்படித்தானாம். தண்ணீரெல்லாம் சுண்ணாம்புக்கல்லில் ஓடி வடிந்தது. ஒரு பாட்டிலில் மட்டும் சாட்சிக்குப் பிடித்துக்கொண்டார்கள். நான் சாராயம் காய்ச்சியதாக அவர்கள் நினைக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. நான் விரல் விட்டுச் சொன்ன அத்தனையும் ஊறலுக்குப் போடுகிற சாமான்களாம். இது எருங்க, எருங்க என்று பத்துத் தடவை சொல்லியிருப்பேன். ஏட்டு எதிர்த்துப் பேசவே இல்லை. ஸ்டேஷனுக்கு வந்து அதையே எழுதிக் கொடுத்துவிடச் சொன்னார்.

டிரம் மாட்டுவண்டியில் முன்னால் போயிற்று. நான் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வெயிலுக்காக இல்லை, முகத்தை மறைக்க. அப்படியும் கடைவீதியில் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்று "வணக்கம் டீச்சர்" என்றார்கள். நான் சொல்லிக்கொடுத்த ஒழுக்கம்தான். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த தலைமையாசிரியை டிரம்மைப் பார்த்தார், கான்ஸ்டபிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையிலிருந்த கத்தரிக்காயைத் தராசில் போடாமல் தன் மணிபர்ஸுக்குள் போட்டுக்கொண்டார். வேலை போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஸ்டேஷனில் ஒரு பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். சப் இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர். டீச்சர் ஒருவரை இந்த வழக்கில் எப்படி நடத்துவது என்று தெரியாமல் அவர் என்னைவிடச் சங்கடப்பட்டார். டீ வரவழைத்தார். சேலத்தில் அப்பாவுக்கு யார் சொல்வார்கள், என்னவென்று சொல்வார்கள், கணவருக்குப் பட்டறையில் என்ன பேர் வரும் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அதையெல்லாம் விட மேலாக, அத்தையின் அந்தப் பார்வையை இன்றைக்கு எப்படித் தாங்கப் போகிறேன் என்றுதான் பயமாக இருந்தது. வாக்குமூலத்தில் "நான் எரு" என்று எழுதிவிட்டு அடுத்த வார்த்தை வராமல் உட்கார்ந்திருந்தேன்.

யாரோ காட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள், அத்தை வந்தார். காட்டிலிருந்து நேராக, முழங்கால்வரை மண்ணோடு, முந்தானையை இழுத்துச் செருகியபடி. என் பக்கம் திரும்பவே இல்லை. நேராக டிரம்மிடம் போனார், கடப்பாரைக் குத்தில் வளையம் கழன்றிருந்த மூடியைத் தள்ளினார், முழங்கைவரை உள்ளே கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். அதைச் சப் இன்ஸ்பெக்டரின் மேஜையில், வழக்குக் காகிதங்களுக்கு ஓரமாக, மரியாதையோடு வைத்தார்.

"பாருங்க சாமி. முட்டத்தோடு, காப்பித்தூளு, இது கோழிப்பீ. எந்த ஊர்லீங்க கோழிப்பீ போட்டுச் சாராயம் காச்சறாங்க?"

சப் இன்ஸ்பெக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டார். சுவரோரம் நின்றிருந்த ஏட்டின் முகம் மெல்ல மெல்ல நிறம் மாறியது. கோழியுங்களா என்று மிகச் சன்னமாக ஒரு முறை கேட்டார். பிறகு வெளியே போனார். குழாயடியில் வெகுநேரம் வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது.

அத்தை விடவில்லை.

"என்ற மருமவ படிச்ச புள்ளைங்க. மக்க வெக்கத் தெரியாம ஊற வெச்சுப்போட்டுது. அதுக்கு ஏதாச்சும் செக்சன் இருக்குதுங்களா?"

இல்லை என்றார் சப் இன்ஸ்பெக்டர். சொல்லும்போதே சிரிப்பை அடக்கமுடியாமல் திரும்பிக்கொண்டார். என் அரைகுறை வாக்குமூலத்தைக் கிழித்துப் போட்டார். கல்யாணமாகி எட்டு மாதத்தில் "என்ற மருமவ" என்று அத்தை சொல்லி நான் கேட்டது அன்றுதான். பெஞ்சில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன். "எந்திரி கண்ணு, ஊட்டுக்குப் போலாம்" என்றார். கையால் அதைத் தொட்டிருந்ததால் என்னைத் தொடவில்லை.

அதே வண்டியில் டிரம் திரும்பி வந்தது. தூக்கிப் போட்டுவிடலாம் என்றேன். அத்தை அதைச் சுற்றிச் சுற்றி வந்து கடப்பாரைக் குத்துகளை எண்ணினார். ஓட்டைகளில் விரலை விட்டுப் பார்த்தார். தண்ணீரெல்லாம் வடிந்து போயிருந்தது. நாற்றம் பாதியாகக் குறைந்திருந்தது.

"மூச்சு முட்டிக் கெடந்துது கண்ணு இது. போலீசுக்காரங்க நல்லதுதான் பண்ணியிருக்கறாங்க."

டிரம்மை நாலு கல்லின்மேல் தூக்கி வைத்தார். காட்டிலிருந்து கடலைத்தோலும் காய்ந்த சருகும் கொண்டுவந்து, ஈரக் குப்பை ஒரு பங்குக்கு அது இரண்டு பங்கு என்று கலந்தார். சாணிக் கரைசல் தெளித்தார். கையில் பிழிந்தால் சொட்டக்கூடாது, ஆனால் கை நனையவேண்டும், அவ்வளவு ஈரம். நாலு நாளுக்கு ஒரு தடவை கம்பால் புரட்டச் சொன்னார். மூன்றாம் நாள் காலையில் ஓட்டைகளிலிருந்து ஆவி வந்தது. உள்ளே கையை வைத்தேன், வைத்திருக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. நான் அத்தையைப் பார்த்தேன், அத்தை டிரம்மைப் பார்த்தார். இத்தனை சீக்கிரம் ஆகுமென்று அவருக்கே தெரிந்திருக்கவில்லை. வருடக் கணக்கில் குழியில் போட்டு வந்தவர், அதற்கப்புறம் என்னைவிட அதிகமாக அவசரப்பட ஆரம்பித்தார். சருகையும் பழத்தோலையும் அரிவாளால் பொடியாக நறுக்கிப் போட்டால் இன்னும் வேகமாகுமா என்று அவர் கேட்டார். ஆமாம் என்று நான் சொன்னேன். அந்த ஒரு விஷயமாவது நான் படித்ததில் சரியாக இருந்தது.

இருபத்தொன்றாம் நாள் இன்ஸ்பெக்ஷன் நடந்தது. எரு தயாராகவில்லை. அதிகாரி எருவைப் பற்றிக் கேட்கவும் இல்லை. நோட்டுப் புத்தகங்களை மட்டும் பார்த்தார். என் வகுப்பில் பாதி நோட்டு திருத்தாமல் கிடந்தது. தலைமையாசிரியைதான், இந்தப் பெண்ணுக்குச் சமீபத்தில் வீட்டில் ஒரு சிரமம் என்று சொல்லிக் காப்பாற்றினார். (என்ன சிரமம் என்று அவர் விளக்கவில்லை. அதிகாரி என்ன நினைத்துக்கொண்டாரோ, என்னிடம் மிகவும் கனிவாகப் பேசிவிட்டுப் போனார்.) நிரந்தர உத்தரவு அடுத்த வருடம்தான் வந்தது.

எரு ஆறாவது வாரத்தில் வந்தது. கறுப்பாக, உதிரியாக, முதல் மழை விழுந்த மண்ணின் வாசனையோடு. சுண்ணாம்புக்கல்லின்மேல் பாத்தி கட்டி அவரை விதை போட்டோம். கொடி கூரை ஏறியது. காய்க்க ஆரம்பித்த சமயத்தில் ஏட்டு சாதாரண உடையில், தலையைக் குனிந்தபடி, பின்பக்கப் படலிலேயே வந்து நின்றார். ஸ்டேஷன் முன்னால் ரோஜா வைத்திருக்கிறார்களாம், பூக்கவில்லையாம்.

"டீச்சர், அந்தச் சரக்கு ஒரு கூடை கெடைக்குங்களா?"

அத்தை அன்று சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கோழிகள் பறந்தன. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எரு என்ற சொல்லே வழக்கொழிந்து போயிற்று. சரக்குதான். அத்தை இருந்தவரை, சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் என்னை அவர் அறிமுகப்படுத்துகிற முறை ஒன்றுதான். இது என்ற மருமவ, டீச்சர் வேலை, சரக்கு நல்லாப் போடும்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு மேட்டூருக்கு மாற்றல் வந்தது. அங்கே மகளை வேறொரு பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்த்தோம். "என் குடும்பம்" என்று ஐந்து வரி எழுதச் சொன்னார்களாம். ஒரு வாரம் கழித்து அந்தப் பள்ளித் தலைமையாசிரியை என்னைத் தனியாக வரச்சொல்லி ஆள் அனுப்பினார். கதவைச் சாத்திவிட்டு நோட்டை என் முன்னால் நகர்த்தினார். மகளின் கையெழுத்து குண்டு குண்டாக, ஒரு பிழையும் இல்லாமல் இருந்தது. "என் அம்மா டீச்சர். லீவு நாளில் வீட்டில் சரக்கு போடுவார். அப்பா டிரம் கொண்டு வருவார். அப்பத்தா கிளறி விடுவார். எங்கள் சரக்கு போலீசுக்கும் பிடிக்கும்."

மூங்கில் கூடையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லி முடிக்க எனக்கு ஒரு பீரியட் ஆயிற்று. அந்த அம்மாள் சிரிக்கவே இல்லை, கடைசிவரை கவனமாகக் கேட்டார். பிறகு மேஜை டிராயரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, பேனா மூடியைத் திருகினார்.

"எத்தனை ஓட்டை போடணும் டீச்சர்?" என்று கேட்டார்.